அரைக்கிலோ தூக்கிய கை

அத்தானுக்கு அரைக்கிலோ என்று பேர் வைத்தது நான்தான். ஆள் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு, தொண்ணூறு கிலோ இருப்பார். வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது. அந்த உடம்பை ஒரு சின்ன மேஜைக்குப் பின்னால் திணித்துக்கொண்டு, ஐந்நூறு கிராம் எடை ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு வேறு என்ன பேர் வைப்பது? விளையாட்டாகச் சொன்னது துப்பாக்கி சுடுகிற ரேஞ்ச் முழுக்கப் பரவி, கடைசியில் போட்டி அறிவிப்புத் தாளிலேயே எவனோ ‘கருவிச் சோதனை: அரைக்கிலோ’ என்று எழுதிவிட்டான். அத்தான் கோபித்துக்கொள்ளவில்லை. “ஐந்நூறு கிராம்னு போட்டிருந்தா இன்னும் சரியா இருக்கும்” என்றார். அவருடைய ஜோக்கெல்லாம் அந்த அளவுதான்.

அவர் என் அக்காவின் கணவர். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். எங்கள் ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட்டுக்குள் நுழைந்தால் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். சோதித்தாயிற்று, ஏறலாம் என்பதற்கான அட்டை. அதன் அடியில் இருக்கிற கையெழுத்து அத்தானுடையது. லிஃப்ட்டைத் தாங்குகிற கம்பிவடத்தில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று, துணியால் துடைத்துக்கொண்டே விரலால் சொல்லிவிடுவார். ஒருமுறை ஆஸ்பத்திரி லிஃப்ட்டை ஒன்றரை நாள் நிறுத்தி வைத்துவிட்டார். பெரிய டாக்டர் வந்து குதித்தார். “நீங்க ஆபரேஷன் பண்றப்போ நான் வந்து சீக்கிரம் முடிங்கன்னு சொல்றேனா சார்?” என்று கேட்டுவிட்டு மறுபடி குழிக்குள் இறங்கிவிட்டார்.

அப்படிப்பட்டவரின் கையைத்தான் நான் பொய்யாக்கினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். நடுவில் ‘பாவம், அவளும் என்ன செய்வாள்’ என்று யாராவது உச்சுக் கொட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அவரை ரேஞ்சுக்கு இழுத்து வந்ததும் நான்தான். பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் பிரிவில் நான் சுட ஆரம்பித்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. போட்டிக்கு முன்னால் எல்லாருடைய துப்பாக்கியையும் சோதித்துக்கொண்டிருந்தவர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார். “எங்க அத்தான் இருக்காரு. லிஃப்ட்டையே நிறுத்துறவரு, துப்பாக்கி எம்மாத்திரம்?” என்று நான் வாயை விட்டேன். அத்தான் விதிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். பாத்ரூமுக்குக்கூட அதை எடுத்துக்கொண்டு போகிறார் என்று அக்கா புலம்பினாள். பத்து நாளில் புத்தகம் மனப்பாடம். ஆனால் ஒரு தடவைகூட அவர் சுட்டுப் பார்த்ததில்லை. “எனக்கெதுக்கு அது? நான் அளக்கத்தானே வந்தேன்” என்பார்.

அந்த மேஜையில் நடப்பது இதுதான். முதலில் ஒரு தகரப் பெட்டி. நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் நீளம், இருபது உயரம், ஐந்து அகலம். துப்பாக்கி அதற்குள் முழுசாக அடங்க வேண்டும். அடுத்து கைப்பிடி. நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் கைக்குத் தோதாக மரப்பிடியை இழைத்தும் பட்டி பூசியும் வைத்திருப்போம். அது மணிக்கட்டைத் தொட்டுத் தாங்கக்கூடாது. காற்று அடைத்து மாட்டுகிற குழாய்க்கு வயசு பத்து வருஷத்தைத் தாண்டக்கூடாது. ஷூ கணுக்கால் எலும்பை மூடக்கூடாது. கடைசியாக ட்ரிகர். காற்று நிரப்பி, சுடத் தயாராக இழுத்து வைத்து, குழலைக் கூரையைப் பார்த்துச் செங்குத்தாகப் பிடித்து, ஐந்நூறு கிராம் எடையின் கொக்கியை ட்ரிகரில் மாட்டி, மெல்லத் தூக்க வேண்டும். எடை மேஜையை விட்டு எழும்ப வேண்டும், ட்ரிகர் விழக்கூடாது. ‘டக்’ என்று கேட்டால் ட்ரிகர் ஐந்நூறுக்குக் குறைவு என்று அர்த்தம், போட்டிக்கு ஆகாது. அத்தான் தூக்குவதைப் பார்க்க வேண்டும். மடியில் தூங்குகிற குழந்தையை எடுத்துப் படுக்கையில் போடுவார்களே, அப்படி. எழும்பியதும் “சரியா இருக்கு” என்பார். பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். ஸ்டிக்கர் ஒட்டினபின் ட்ரிகர் திருகாணியை யாரும் தொடக்கூடாது. தொட்டது தெரிந்தால் இரண்டு வருஷம் வெளியே உட்கார வேண்டியதுதான்.

தாட்சண்யம் என்ற வார்த்தையே அவருக்குத் தெரியாது. ஒரு போலீஸ் அதிகாரியின் ஷூ கணுக்காலை மூடுகிறது என்று திருப்பி அனுப்பினார். அந்த மனுஷன், “என் காலை அளக்கவா வந்தே?” என்று எகிறினார். “கால் உங்களுதுதான் சார், ஷூதான் எனக்கு” என்றார் அத்தான். என்னையும் விடவில்லை. வந்த முதல் வருஷமே, என் பிடியில் பட்டி அரைக் கடுகு கூடுதலாக மணிக்கட்டில் இடிக்கிறது என்று திருப்பி நீட்டிவிட்டார். காலையில் அவர் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, அவர் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து வந்தவள் நான். நடைபாதையில் உட்கார்ந்து அழுதுகொண்டே உப்புத்தாளால் தேய்த்தேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததே அவருக்குத் தெரியவில்லை என்று பிறகு அக்கா சொன்னாள்.

இனி என் பக்கம். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வில்லையைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது, கண்ணாடிக் காலின் திருகாணியை இறுக்குவது. எறும்புத் தலை அளவுத் திருகாணிகளோடு பதினாலு வருஷம். அக்காவும் அத்தானும் நாலாம் மாடி, நான் அதே கட்டடத்தில் கீழ் வீடு. தினமும் காலையில் கடைக்குப் போகுமுன் நாற்பது நிமிஷம் வெறுஞ்சுவர்ப் பயிற்சி. குண்டு கிடையாது, குறி கிடையாது. வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கையை நீட்டி, முன் குறிமுள்ளைப் பின் பள்ளத்துக்கு நடுவில் நிறுத்தி, அது அசையாமல் ட்ரிகரை அழுத்த வேண்டும். குழல் மேல் ஒரு காசை வைத்துக்கொண்டு அழுத்துவேன். பத்து அழுத்தல் காசு விழாமல் போனால்தான் காலைச் சாப்பாடு. அப்புறம் கண்ணை மூடிக் கையைத் தூக்கி, திறந்து பார்த்து, முள் பள்ளத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். அசட்டுத்தனமாகத் தெரியும். பத்து மீட்டர் தள்ளி, சட்டைப் பொத்தான் அளவுப் புள்ளியில் அறுபது தடவை அடிக்க வேண்டுமென்றால் இந்த அசட்டுத்தனம் வேண்டும்.

அணித் தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் வில்லை விளிம்பு என் சுட்டுவிரலைக் கிழித்துவிட்டது. சரியாக ட்ரிகரை அழுத்துகிற சதை. அழுத்தினால் உயிர் போனது. பயிற்சியை நிறுத்த மனசில்லை, திருகாணியைத் தளர்த்தினேன். நானூற்றுச் சொச்சம் கிராமுக்கு வந்திருக்கும். வெறுஞ்சுவருக்கு முன்னால் யார் எடை போடப்போகிறார்கள்? காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் காசு விழவே இல்லை பாருங்கள், அது ருசியாக இருந்தது. ரேஞ்சுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டு வீட்டிலேயே சுவரோடு குலாவினேன். ‘நாளைக்கு இறுக்கிக்கலாம், நாளைக்கு இறுக்கிக்கலாம்’ என்று மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். புத்தி கெட்டவள்.

தேர்வன்று காலை ரேஞ்சில், பழகுவதற்கென்று வாசலில் வைத்திருக்கிற எடையில் தூக்கிப் பார்த்து, ஐந்நூறைத் தாண்டித் திருகாணியை இறுக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். அத்தான் தூக்கினார். “சரியா இருக்கு” என்றார். ஸ்டிக்கர் ஒட்டினார். உள்ளே போனேன்.

பழகிக்கொள்ளக் கால் மணி நேரம் தருவார்கள். அப்போது சுடுவது கணக்கில் சேராது. கையை நீட்டினேன், அழுத்தினேன். ட்ரிகர் போகவில்லை. பாறையாக நின்றது. மூன்று வாரம் இலேசான ட்ரிகருக்குப் பழகின விரல், ‘இது என்னுடையது இல்லை’ என்றது. இன்னும் அழுத்தினேன், கையே ஆடிவிட்டது. பத்துக்கு ஏழு. அடுத்தது எட்டு. அடுத்தது ஆறு. ஆறெல்லாம் நான் முதல் வருஷத்தில் அடித்தது! அணியில் நாலு இடம். எனக்கு முப்பத்தாறு வயசு. இதை விட்டால் அடுத்த தேர்வுக்குள் சின்னப் பெண்கள் என்னை ஓரம் கட்டிவிடுவார்கள். துப்பாக்கிப் பெட்டியில், கடையில் திருகாணி முடுக்குகிற திருப்புளி கிடந்தது. முகம் துடைக்கத் துண்டு எடுக்கிற சாக்கில் குனிந்தேன். கால் சுற்று. அவ்வளவுதான். கண்ணாடிக் காலைத் தளர்த்துகிற அதே விரல், அதே பழக்கம். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

தெரியாமல் செய்தேன், பதற்றத்தில் செய்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் செய்தேன்.

அறுபது குண்டு. அறுநூறுக்கு ஐந்நூற்று அறுபத்தெட்டு. என் வாழ்நாளில் அதற்கு முன் ஐந்நூற்று அறுபதைத் தொட்டதில்லை. முதல் இடம். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் வழக்கம்போலச் சீட்டுக் குலுக்கினார்கள். போட்டி முடிந்ததும் குலுக்கலில் வருகிற இரண்டு பேரின் துப்பாக்கியை மறுபடி எடை போடுவது விதி. முதல் சீட்டிலேயே என் நம்பர் வந்தது.

முடிந்தபின் எடை போடுவது வேறு ஆள். கணக்கு மேடம் என்போம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ரேஞ்ச் கமிட்டிக்குத் தலைவி. தூக்கினார். டக். மறுபடி தூக்கினார். டக். மூன்று தடவைதான் வாய்ப்பு. மூன்றாவது தடவை எடை மேஜையை விட்டு எழும்பவே இல்லை, அதற்குள் டக்.

“திருகாணியைத் தொட்டியா?” என்று கேட்டார் மேடம்.

“இல்ல மேடம். காலையில பாஸ் ஆச்சு. அதுக்கப்புறம் நான் தொடவே இல்ல.”

எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்! திக்கவில்லை, முகம் மாறவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இப்போது இருக்கிறது. அப்போது இல்லை. அப்போது ‘இரண்டு வருஷம்’ என்ற வார்த்தை மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தானைக் கூப்பிட்டார்கள். வந்தார். “கொடுங்க” என்று வாங்கித் தானே தூக்கிப் பார்த்தார். டக். கொஞ்ச நேரம் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது, துப்பாக்கியைத்தான் பார்ப்பார். பின்னால் இருந்து எவனோ, “மச்சினி துப்பாக்கி இல்லையா, கொஞ்சம் இலேசாத்தான் தூக்கியிருப்பாரு” என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அத்தான் காது சிவந்துபோனதைப் பார்த்தேன்.

“இல்லைங்க” என்றார் மெதுவாக. “யாருக்கும் பார்த்துப் போடல. அவ தொடலைன்னா தொடல. அப்போ காலையில என் கைதான் தப்பாத் தூக்கியிருக்கு. எழுதிக்கங்க.”

மேடம் எழுதிக்கொண்டார். விதிப்படி என் மதிப்பெண் போயிற்று. ஏமாற்றினேன் என்று யாரும் எழுதவில்லை. ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தட்டி, “பாவம், உன் தப்பே இல்லையே” என்றார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

மறுநாள் அத்தான் அரை நாள் லீவு போட்டுவிட்டு எடையை எடுத்துக்கொண்டு, எடைக்கல்லைச் சோதித்து முத்திரை போடுகிற அலுவலகத்துக்குப் போனார். அங்கே நுண்தராசில் வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது திரும்பி வந்தார். “எடை சரியா இருக்கு” என்றார், யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று சொல்வது மாதிரி. எடையில் கோளாறு இருக்க வேண்டும் என்று அவர் வழி முழுக்க வேண்டிக்கொண்டு போயிருக்கிறார். எடை சரியென்றால் மிச்சம் இருப்பது கைதான்.

அப்புறம் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “என்னால உன் வருஷம் போச்சும்மா. மன்னிச்சுக்கோ” என்றார்.

“பரவால்ல அத்தான்” என்றேன். பரவாயில்லையாம்! என்ன பெருந்தன்மை எனக்கு.

இதோடு போயிருந்தால்கூட நான் இதை மென்று விழுங்கிக்கொண்டு காலம் தள்ளியிருப்பேன். போகவில்லை. ரேஞ்சுக்கு வருவதை நிறுத்தினார். அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் லிஃப்ட் வேலையிலும் கை வைத்தது அது. ஒரு மணி நேரத்தில் முடிக்கிற சோதனையை மூன்று மணி நேரம் செய்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமலே மறுபடி கிளம்பிப் போய் அதே பிரேக்கைப் பார்த்தார். கம்பெனியில் முணுமுணுத்தார்கள்.

மூன்றாவது மாசம் ஒருநாள் மதியம் என் கடைக்கே வந்து நின்றார். “கண்ணைப் பாரும்மா” என்றார். எங்கள் கடையில் கண் சோதிக்கிற அம்மா உட்கார வைத்து எல்லா வரிசையும் படிக்கச் சொன்னார். கடைசிப் பொடி வரிசை வரைக்கும் மளமளவென்று படித்தார். “இந்த வயசுக்கு இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததே இல்லை” என்றார் அந்த அம்மா. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

“நரம்பு டாக்டர்கிட்டயும் போனேன். கை நல்லா இருக்குன்னுட்டாரு. கண்ணும் நல்லா இருக்குங்கறாங்க. எங்கேயோ தப்பு இருக்கணுமே” என்றார் என்னிடம். “சும்மா ஒரு படிக்கிற கண்ணாடி போட்டுக் கொடு. எதுக்கும் இருக்கட்டும்.”

தேவையே இல்லாத அந்தக் கண்ணாடிக்கு நான் வில்லை பொருத்தினேன். காலில் திருகாணி இறுக்கும்போது அவர் குனிந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “எவ்வளவு நிதானம் உன் கைக்கு” என்றார். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே வந்து சொல்லியிருக்கலாம். கடையில் ஆள் இருந்தது, அது இருந்தது, இது இருந்தது. சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா கீழே என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் கதவுக்கு உள்ளேகூட வரவில்லை. அங்கேயே சாய்ந்துகொண்டு அழ ஆரம்பித்தாள்.

“நாளைக்கு லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்கறாருடி. உதிரிபாக ஸ்டோர்ல உக்கார்றேன்னு எழுதிக் கொடுக்கப் போறாரு. இருபத்திரண்டு வருஷ வேலை. கேட்டா, ‘அரைக்கிலோவைத் தப்பாத் தூக்கின கை, ஆறு பேர் ஏறுற லிஃப்ட்டுக்குக் கையெழுத்துப் போடலாமா’ங்கறாரு. இப்போ இந்த நாலு மாடியையும் படியிலதான் ஏறி வராரு, தெரியுமா உனக்கு? தான் பார்த்த லிஃப்ட்ல தானே ஏற மாட்டேங்கறாரு.”

எனக்குத் தெரியாது. ஒரே கட்டடம், ஒரே வாசல், எனக்குத் தெரியாது.

“மேல போ. நான் வரேன்” என்றேன். துப்பாக்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நானும் படியில்தான் ஏறினேன்.

அத்தான் மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நகலெடுத்து எழுதிக்கொண்டிருந்தார், நான் செய்துகொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. நின்றபடியே சொன்னேன். “அத்தான், உங்க கை தப்புப் பண்ணல. நான்தான் உள்ள போய் ட்ரிகரைத் தளர்த்தினேன். பொய் சொன்னேன்.”

நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்தார்! பாவி மனுஷன், அன்பாகச் சிரித்தார்.

“உங்க அக்கா சொல்லிக் கொடுத்தாளா? எனக்காக உன் பேரை நீ கெடுத்துக்க வேணாம்மா. உன்னை எனக்குத் தெரியாதா?”

“நிஜமாத்தான் சொல்றேன் அத்தான்.”

“மேடம் கேட்டப்போ நீ தொடலைன்னு சொன்னியே. பொய் சொல்றவ அப்படியா சொல்லுவா? போ, போய்ச் சாப்பிடு.”

என் பொய்யை அவ்வளவு நம்பியிருந்தார். என் உண்மைக்கு இடமே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்காதீர்கள். பெட்டியைத் திறந்தேன். அவருடைய எடை அலமாரியில் துணி சுற்றி இருந்தது. எடுத்து மேஜையில் வைத்தேன். காற்று நிரப்பி, இழுத்து, தூக்கிக் காட்டினேன். எழும்பியது. அவர் கண் எதிரிலேயே திருப்புளியை எடுத்துக் கால் சுற்றுத் தளர்த்தினேன். தூக்கினேன். டக். இறுக்கினேன். எழும்பியது. தளர்த்தினேன். டக்.

“இப்படித்தான் செஞ்சேன். துண்டு எடுக்கற மாதிரி குனிஞ்சு செஞ்சேன். வீட்டுல மூணு வாரம் இலேசா வச்சுப் பழகிட்டேன், அன்னிக்கு விரல் போகல. இரண்டு வருஷம் வெளிய போட்டுடுவாங்கன்னு பயந்து பொய் சொன்னேன். இன்னும் என்ன சொல்லணும் அத்தான்?”

சிரிப்பு போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கினார். இறுக்கி வைத்துத் தானே தூக்கினார். எழும்பியது. மறுபடி. மறுபடி. பத்துத் தடவை தூக்கினார். பத்துத் தடவையும் எழும்பியது. தளர்த்தி வைத்துப் பத்துத் தடவை. பத்துத் தடவையும் டக். அக்கா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணு மாசம்” என்றார் கடைசியில். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. விண்ணப்பத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். “நாளைக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் இருக்கு. ஆறு மணிக்கு எழுப்பிவிடு” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அக்கா என் பெட்டியை மூடி என் கையில் கொடுத்தாள். “போடி” என்றாள்.

மறுநாளே கமிட்டிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருஷம் தடை. கணக்கு மேடம் என் கடிதத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், அவர் பேர் சரியாக வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். அடுத்த போட்டிக்கே அத்தானைப் போய்க் கூப்பிட்டார்கள், வந்து உட்கார்ந்தார்.

இரண்டு வருஷமும் நான் சுவரைப் பார்த்துச் சுட்டேன், ஐந்நூற்றுப் பத்து கிராமில். அக்கா முதல் ஆறு மாசம் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் திட்ட ஆரம்பித்தாள். திட்ட ஆரம்பித்ததும் எனக்கு உயிர் வந்தது. அத்தான் அவ்வளவுகூடச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிடுவேன். “தண்ணி எடுத்துக்கோ”, “கடையில கூட்டமா?” என்று எப்போதும்போல இருப்பார். பெரிய மனசு, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

தடை முடிந்து முதல் போட்டி. வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். பெட்டி, பிடி, குழாய், ஷூ, எடை, அதே நிதானம். “சரியா இருக்கு.” “சரியா இருக்கு.” என் முறை வந்தது. துப்பாக்கியை நீட்டினேன். அத்தான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். துப்பாக்கியை வாங்கவில்லை.

“மேடம்” என்று பக்கத்து மேஜையைக் கூப்பிட்டார். “இதை நீங்க பாருங்க.”

மேடம் எழுந்து வந்தார். “ஏன்? மச்சினின்னா? அதெல்லாம் இனிமே யாரும் பேச மாட்டாங்க. நீங்களே பாருங்க.”

“அதுக்கில்ல மேடம்.” என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. கம்பிவடம் தேய்ந்திருக்கிறது என்று சொல்வாரே, அந்தக் குரல்தான். “இது ஃபெயில் ஆகணும்னு எனக்கு ஆசையா இருக்கும்மா. நீ சொன்ன நாள்லேர்ந்து இருக்கு. போகும் போகும்னு பார்த்தேன், போகல. அந்த ஆசையை வச்சுக்கிட்டு நான் எடை தூக்கக்கூடாது.”

வரிசையில் எல்லாருக்கும் கேட்டது. நீட்டின துப்பாக்கியை மேஜையில் வைத்தேன்.

அத்தான் நாற்காலியை விட்டு எழுந்து, சுவர் ஓரமாகப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் எடையை மாட்டித் தூக்கினார். எழும்பியது. ஸ்டிக்கரைத் தேடி எடுத்து ஒட்டினார்.

“பாஸ் ஆச்சு அத்தான்” என்றேன் அந்த முதுகைப் பார்த்து.

“சரி” என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். எனக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்து, “அடுத்து” என்றார்.